தொழில் நியாய சபைத் தலைவரும் விதிக்குக் கட்டுப்பட்டவரே!



வேலை நீக்கப்பட்ட தொழிலாளி போய்த் தட்டும் கதவு தொழில் நியாய சபை. வழக்குப் போட்டவுடன் சட்டத்தரணி யார், தவணை எப்போது என்று விசாரிக்கிறோம். தலைவராக அமர்ந்திருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "ஐயா பெரியவர், நமக்கேன் வம்பு" என்கிறோம். துரைக்கு முன்னால் கைகட்டி நின்ற பழக்கம் இன்னும் போகவில்லை.

அவர் வெறும் அரசாங்க உத்தியோகத்தர் என்று நினைப்பவர்களும் உண்டு. இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1957இல் திருத்தம் செய்துதான் நியாய சபைகள் உண்டாக்கப்பட்டன. அவற்றின் தலைவர் நீதித்துறைப் பதவி வகிப்பவர் அல்லர் என்று 1967இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 170ஆம் உறுப்புரையில், தொழில் பிணக்கைத் தீர்க்கும் சபையின் தலைவரையும் நீதித்துறை அலுவலர் என்றே வரையறுக்கிறது. அவரை நியமிப்பதும் இடமாற்றுவதும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பதும் நீதிச்சேவை ஆணைக்குழு. ஆகவே நீதிபதிக்குரிய ஒழுக்கம் அவருக்கும் உண்டு.

அந்த ஒழுக்கம் எது? நமது நாட்டு நீதியரசர் வீரமந்திரியின் தலைமையில் உருவாகி, 2002இல் ஹேக் நகரில் இறுதி வடிவம் பெற்ற பெங்களூர் கோட்பாடுகள் அதைச் சொல்கின்றன. நீதிபதி பக்கம் சாராமல் இருந்தால் போதாது. பார்ப்பவர் கண்ணுக்கும் அப்படித் தெரிய வேண்டும். தன் கடமை தொடர்பாகப் பரிசோ சலுகையோ வாங்கக்கூடாது, குடும்பத்தார் வாங்கவும் விடக்கூடாது. வழக்கின் முடிவால் தனக்கோ குடும்பத்துக்கோ பண லாபம் வருமென்றால் விலகிவிட வேண்டும்.

இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தோட்டக் கம்பனிகளின் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தையில் விற்கப்படுகின்றன. தலைவரோ அவர் துணைவியோ ஒரு கம்பனியின் பங்கை வைத்திருந்தால், அந்தக் கம்பனியின் வழக்கை அவர் கேட்கலாமா? ஞாயிற்றுக்கிழமை துரை பங்களாவில் விருந்துண்டு, திங்கட்கிழமை அதே துரையின் சாட்சியத்தைக் கேட்கலாமா? விருந்தில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாசலில் நிற்கும் தொழிலாளிக்கு அது எப்படித் தெரியும்?

தவணை விஷயமும் ஒழுக்க விஷயம்தான். விடாமுயற்சியோடு, தாமதமின்றி வேலை செய்வதும் அந்தக் கோட்பாடுகளில் ஒன்று. கம்பனி சட்டத்தரணி இன்னொரு வழக்குக்குப் போய்விட்டார் என்று ஒரு தவணை, ஆவணம் வரவில்லை என்று இன்னொரு தவணை. கம்பனிக்கு இதனால் ஒரு நட்டமுமில்லை. வேலையிழந்து கூலிக்கு அலைபவருக்கோ அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. சாட்சி சொல்ல வந்தவருக்கு அன்று பேர் விழாது. இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரித் தவணை கொடுக்கிறேன் என்று சொல்வது இங்கே சமத்துவம் ஆகாது.

நியாய சபை சாட்சியச் சட்டத்தின் கட்டுக்குள் நிற்க வேண்டியதில்லை. தேவையான விசாரணையைத் தானே செய்து, நீதியும் ஒப்புரவுமான கட்டளை தருவதே அதன் கடமை. சட்டத்தரணி இல்லாமல் ஓர் அம்மா தடுமாறும்போது தலைவர் கேள்வி கேட்டு உண்மையை வெளியே கொண்டுவரலாம். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது நடுநிலை அல்ல. அந்த அம்மாவை அதட்டுவது அதைவிட மோசம்.

மொழியும் அப்படியே. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, தொழில் பிணக்குகளைக் கேட்கும் சபைகளையும் சேர்த்தே, வழக்காளி தமிழில் பங்குபற்றலாம் என்கிறது. விளங்காத மொழியில் விசாரணை நடந்தால் மொழிபெயர்ப்புக்கு உரிமையும் தருகிறது. "உங்கள் ஆள் பிறகு விளங்கப்படுத்துவார்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். "தலைவரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டேன்" என்று பெருமையடிக்கும் சங்கக்காரர் நமக்கு உதவி செய்யவில்லை. துரை செய்தால் தப்பான காரியம், நாம் செய்தாலும் தப்புத்தான்.

தோற்றுப்போனதற்காக முறைப்பாடு எழுதவேண்டாம். தீர்ப்பில் சட்டப் பிழை இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு இருக்கிறது. நடத்தைதான் பிழை என்றால், வழக்கிலக்கம், திகதி, நடந்தது, கண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு தாளில் தமிழில் எழுதி, தோட்டத் தலைவர் அல்லது தலைவி மூலம் கிளைக் காரியாலயத்தில் கொடுங்கள். நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு அனுப்புவது சங்கத்தின் வேலை. இந்த விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு நியாய சபை வாசலிலும் ஒட்டும்படி கேட்பதும் சங்கத்தின் வேலையே.