பெயர்ப் பலகை இருக்கிறது, கழுவ ஆள் இல்லை



'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் தருகிற பணத்தைத் தமிழகம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்க்கிற ஏற்பாடு. நல்ல காரியம்தான். ஆனால் கொடுப்பவரே பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், சிங்காரப்பேட்டையை யார் தேர்ந்தெடுப்பார்?

ஓசூரும் நாமும் ஒரே மாவட்டம். ஆனால் 2013 கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும்போது சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆலை இல்லாத ஊர் என்ன செய்யும்?

இன்னொன்று. பெயிண்ட், ஸ்மார்ட் போர்டு என்றால் கொடுக்க ஆள் வருகிறது. மாதச் சம்பளத்துக்கு வருவதில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் புதுக் கழிவறையை விழா வைத்துத் திறந்தார்கள். சில மாதத்தில் பூட்டிவிட்டோம். தண்ணீர் இருந்தது, கழுவ ஆள் இல்லை. பெரிய பெண்பிள்ளைகள் மதியத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சாவி என் மேசையில்தான் கிடந்தது. இன்றும் உறுத்துகிறது.

1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது அரசுப் பணத்தோடு ஊராரும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அது விழாவுக்குக் கொடுத்தது அல்ல, தினமும் உலை வைக்கக் கொடுத்தது.

ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளே, உங்கள் கம்பெனியில் கேளுங்கள்: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு, மூன்று வருடம், மாதாமாதம். கேட்கக் கூச்சமாக இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து ஒரு துப்புரவுப் பணியாளரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். என் பென்ஷனிலிருந்து முதல் பங்கு நான் தருகிறேன்.

பெயர்ப் பலகை மட்டும் வேண்டாம்.