படம் போடலைன்னா பயிர் இல்லையா?

போன மாசம் தி. நகரில் ஒரு வீட்டு வாசலில் அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமா நம்மகிட்ட கிச்சிலிச் சம்பா வாங்குற அம்மா அவங்க. பணத்தை எண்ணிக் கொடுத்துட்டு, கொஞ்சம் தயங்கி, "ஏம்ப்பா, விவசாயத்தை விட்டுட்டியா? ரொம்ப நாளா உன் வயல் படத்தையே காணோமே"ன்னு கேட்டாங்க.

என் வயல்ல விளைஞ்ச அரிசி 25 கிலோ அவங்க காலடியில இருக்கு. அப்பவும் அந்தக் கேள்வி வருது. அவங்களைக் குறை சொல்லமாட்டேன். நாலு வருஷமா அப்படிப் பழக்கிவிட்டது நான்தான். படம் வந்தா பயிர் நல்லாருக்கு, வரலைன்னா ஏதோ ஆயிடுச்சு. போன சம்பா வரைக்கும் நானே அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன்.

அந்தக் கதையைச் சொல்லிடறேன். காலையில ஆறு மணிக்கு வரப்புல நின்னு ஒரு படம் எடுத்துப் போடுவது என் வழக்கம். பனி, பச்சை, பின்னாடி ஏரிக்கரை. 14,000 பேர் என்னைப் பின்தொடர்ந்தாங்க. வெளிச்சம் சரியா விழுற வரப்பு ஒண்ணே ஒண்ணுதான், அதனால தினமும் அங்கேயே போய் நிப்பேன். மத்த வரப்பெல்லாம் நாலு நாளைக்கு ஒரு தடவை, ஒரு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆயிடுச்சு.

கார்த்திகை மாசம் பக்கத்து வயல்காரர், எனக்குப் பெரியப்பா முறை, தண்ணி கட்ட வந்தவர் கேட்டார்: "மேலயே பாத்துக்கிட்டிருக்கியே, தூரை விலக்கிப் பாத்தியாடா?" குனிஞ்சு விலக்கிப் பார்த்தா, தண்ணிக்கு மேல ஒரு சாண் உயரத்துல தண்டு முழுக்கப் புகையான். நெல் பயிரிடுறவங்களுக்குத் தெரியும், இந்தப் பூச்சி மேல வராது. அடித்தூர்ல உக்காந்து சாறு குடிக்கும். மேலேர்ந்து பார்த்தா பயிர் பச்சைப்பசேல்னு இருக்கும். படத்துல இன்னும் அழகா இருக்கும். அப்புறம் ஒருநாள் வட்டம் வட்டமா நெருப்புல கருகின மாதிரி காயும். அதனாலதான் அதுக்குப் புகையான்னு பேரு.

தண்ணியை வடிச்சு, எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் பிரிச்சுக் காத்தோட்டம் விட்டு, வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சோம். பாதி காப்பாத்தினோம். ஏக்கருக்கு 18 மூட்டை வர வேண்டிய இடத்தில் 10 மூட்டை. அன்னைக்குக் காலையில நான் போட்ட படத்துக்கு அந்த வருஷத்திலேயே அதிக விருப்பக்குறி.

தை அறுப்பு முடிஞ்சதும் பக்கத்தை மூடினேன்.

மூடின பிறகுதான் ஒண்ணு தெரிஞ்சுது. போன் என் கையை விட்டுப் போன பிறகும், அந்த 14,000 பேர் தலைக்குள்ள இருந்தாங்க. கொக்கு ஒண்ணு வந்து உக்காந்தா, 'இதுக்கு என்ன எழுதலாம்'னு மனசு வாக்கியம் கட்டும். பையன் வாய்க்கால்ல விழுந்து எழுந்து சிரிச்சா, 'அடடா, எடுக்கலையே'ன்னு தோணும். போனைக் கீழ வைக்க ஒரு வாரம் ஆச்சு. பார்வையாளர்களைக் கீழ இறக்கி வைக்க மூணு மாசம் ஆச்சு.

அரிசி கொடுக்க ராஜா அண்ணாமலைபுரம் பசுமைவழிச் சாலை வழியா மாசாமாசம் போறேன். அங்கே வசந்த விஹார்னு ஒரு அமைதியான வளாகம் இருக்கு. ஜே. கிருஷ்ணமூர்த்தி தங்கிப் பேசின இடம். 1909-ல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபைக்காரங்க கண்ணில் பட்ட சின்னப் பையன் அவர். இவர்தான் வரப்போகும் உலக குரு என்று சொல்லி, 1911-ல் அவரைத் தலைவராக வைத்து ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். பல நாடுகளில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள், நிலமும் மாளிகையும் கொடுத்தார்கள். 1929 ஆகஸ்ட் 3-ம் தேதி, ஹாலந்தில் மூவாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த முகாமில், அன்னி பெசன்ட் முன்னிலையிலேயே அந்தச் சங்கத்தை அவர் கலைத்தார். எனக்குப் பின்தொடர்பவர்கள் வேண்டாம் என்றார். வந்த சொத்தெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பப் போனது.

அவருடைய தத்துவம் எனக்கு எவ்வளவு புரிஞ்சதுன்னு கேக்காதீங்க. ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுது. அதுக்கப்புறம் அவர் வாயை மூடிக்கிட்டு மலைக்குப் போகலை. ஐம்பது வருஷத்துக்கு மேல பேசிக்கிட்டேதான் இருந்தார். கடைசிப் பொதுப் பேச்சு 1986 ஜனவரி 4, இதே வசந்த விஹாரில். அவர் விட்டது பேச்சை இல்லை, கூட்டத்தோட தலையெண்ணிக்கையை.

நம்ம காலத்து உதாரணம் வேணுமா? நடிகர் அஜித் 2011 ஏப்ரலில் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். ஒரு நடிகருக்கு மன்றம்தான் பலம்னு இருக்கிற ஊர்ல. அதே வருஷம் ஆகஸ்டில் வந்த 'மங்காத்தா' ஓடாமல் போகலை. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 2022 ஆகஸ்டில் சமூக வலைதளங்களிலிருந்து இடைவேளை எடுப்பதாக அறிவிச்சார். அடுத்த பட அறிவிப்போடு வருவேன்னு சொன்னார், அப்படியே வந்தார். 2025-ல் 'கூலி' சமயத்திலும் அப்படித்தான். இது எனக்கு ரொம்பப் பரிச்சயமான கணக்கு. வேலை நடக்கும்போது காணாமல் போவது, விளைஞ்சதும் சந்தைக்கு வருவது. நாத்து விட்ட நாளிலிருந்து அறுப்பு வரைக்கும் விவசாயிக்கு வயல்தான் ஊர். தை பொறந்தாதான் மூட்டையைத் தூக்கிக்கிட்டு வெளிய வரணும்.

இதுல நஷ்டம் இல்லைன்னு சொன்னா பொய். பக்கத்தை மூடினதும் புது ஆர்டர் சுத்தமா நின்னுபோச்சு. கருப்புக் கவுனி எட்டு மூட்டை தேங்கி, கடைசியில வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளினேன். ஆனா உக்காந்து கணக்குப் பார்த்தப்போ இன்னொண்ணும் தெரிஞ்சுது. 14,000 பேரில் மாசாமாசம் அரிசி வாங்குறது 43 வீடு. அதில் முப்பதுக்கும் மேல மயிலாப்பூரிலும் தி. நகரிலும் ஒரு வீடு சொல்லி அடுத்த வீடு சேர்ந்தவை. படம் பார்த்து வந்தவங்க பத்துப் பேர் இருக்கலாம். அந்தப் பத்து வீடும் எனக்கு முக்கியம்தான். ஆனா அதுக்காக நான் கொடுத்துக்கிட்டிருந்த விலை, தினமும் விடியற்காலை.

இங்கே எழுதுறதைப் படிச்சுட்டு நிறைய பேர் கேக்குறீங்க: "உங்க ஊருக்கு வந்து பத்து நாள் போன் இல்லாம இருக்கணும் போல இருக்கு." வாங்க, சாப்பாடு போடறோம். ஆனா எங்க திண்ணையிலும் இப்ப ரீல்ஸ்தான் ஓடுது, சாமி. ஏரிக்கரையில ஆடு மேய்க்கிற பையன் கையிலயும் அதேதான். நிதானம்ங்கிறது ஊரோட காத்துல தானா வர்றதில்லை. செங்கல்பட்டு தாண்டினா கிடைக்கும்னு நீங்க நம்பினா, திரும்பிப் போற பஸ்ஸிலேயே அது தொலைஞ்சுடும்.

அது உங்க தெருவிலேயே இருக்கு. மூட்டை இறக்கிட்டு நான் உக்காந்து காபி குடிக்கிற இடம் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. அங்கே முதல் ஞாயிறு காலையில சின்னப் பிள்ளைங்க மைக் இல்லாம கச்சேரி பண்ணுவாங்க. மைக் இல்லைங்கிறதால கிட்டப் போய் உக்காரணும், பேச்சை நிறுத்தணும். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தி உக்கார இடம் போட்டிருக்காங்க. கடையைப் பார்க்காம, போனையும் பார்க்காம, போறவங்களை மட்டும் பார்த்து அரைமணி நேரம் உக்காந்து பாருங்க. முதல் பத்து நிமிஷம் கை தானா பைக்குப் போகும். எனக்கும் போச்சு.

நான் சொல்றது ஒண்ணுதான். செயலியை அழிக்கிறதுக்கு முன்னாடி, உங்க வாழ்க்கையில எது 'அடித்தூர்'னு யோசிங்க. படத்துல விழாத இடம். அம்மாவோட முட்டிவலி, பிள்ளை ஸ்கூல்ல யார்கூட உக்காருது, வீட்டுக்காரர் ஏன் இப்பல்லாம் பேசுறதில்லைங்கிறது. புகையான் அங்கதான் ஏறும். அதைக் குனிஞ்சு விலக்கிப் பார்க்க நேரம் வேணும், அந்த நேரத்தை எங்கேர்ந்து எடுக்கிறதுன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த தி. நகர் அம்மாகிட்ட நான், "விவசாயத்தை விடலைம்மா, மூட்டையைப் பிரிச்சு ஒரு பிடி எடுத்துப் பாருங்க"ன்னேன். எடுத்தாங்க, மோந்து பார்த்தாங்க. அப்புறம் கும்பகோணம் பக்கம் அவங்க அப்பா வெச்சிருந்த நிலம், களத்துமேடு, வித்துப்போன வருஷம்னு ஒரு மணி நேரம் பேசினாங்க. ஆறு வருஷத்துல முதல் தடவையா உள்ள கூப்பிட்டு மோர் கொடுத்தாங்க.

இப்போ பயிர் பொதி கட்டி நிக்குது. இன்னைக்குக் காலையில நாலு வரப்பும் சுத்தி, ஒவ்வொரு பாத்தியிலயும் தூரை விலக்கிப் பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு. படம் எடுக்கலை. தை அறுப்பு முடிஞ்சதும் ஒரு பதினஞ்சு நாள் பக்கத்தைத் திறப்பேன், அரிசி விக்கணுமே. அதுவரைக்கும் யாருக்காவது வேணும்னா ராத்திரி எட்டு மணிக்கு மேல போன் பண்ணுங்க. பகல்ல வயல்ல இருப்பேன், எடுக்க மாட்டேன்.