இரண்டு பரப்புக் காணியும் நான்கு கேள்விகளும்

இடம்பெயர்ந்து வாழும் உழவர் குடும்பம் ஒன்றின் கையில் நாலு காசு சேர்ந்தவுடன் எழும் முதல் எண்ணம், ஒரு துண்டுக் காணி வாங்க வேண்டும் என்பதே. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினரின் காணிகள் இன்றும் விடுபடவில்லை. பிறர் காணியிற் பிறந்த பிள்ளைகள் இன்று பிறர் காணியிலேயே பிள்ளை பெற்று வளர்க்கின்றார்கள். ஆகவே இந்த எண்ணத்தை நாம் குறை கூற முடியாது. அது நியாயமானது.

ஆனால் வாங்கும் முறை பற்றியே எமக்குக் கவலை. எம்மவர் மண்ணைப் பார்க்கின்றார்கள், விலையைப் பார்க்கின்றார்கள், உடனே தாலிக்கொடியை விற்று முற்பணம் கொடுத்துவிடுகின்றார்கள். காணி என்பது மண் மட்டுமல்ல. உரித்து, அளவு, வழி, தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்ததே காணி. இவற்றில் ஒன்று பிழைத்தாலும் பெரிய காணிக்காரருக்கு ஏதோ மிஞ்சும். இரண்டு பரப்பு வாங்கியவருக்கு ஒன்றுமே மிஞ்சாது.

முதலாவது கேள்வி: விற்பவருக்கு விற்க உரிமை உண்டா? வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகளிற் பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. ‘பேமிற்’ காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் உள்ள காணியாயின் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் சம்மதம் வேண்டும். அது இன்றேல் கைமாற்றம் செல்லாது. பத்திரத்திற் குறிக்கப்பட்ட அளவிலும் சிறிதாகத் துண்டாடவும் முடியாது. 2024 இல் ‘உறுமய’ திட்டம் தொடங்கிய பின்னர், “இனி எல்லாம் சொந்தக் காணிதானே” என்று தரகர்கள் சொல்வதுண்டு. விற்பவர் கையில் முழு உரித்துப் பத்திரம் உண்டா என்று பார்க்க வேண்டுமேயன்றி, வரப்போகின்றது என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்கலாகாது. முத்திரை ஒட்டிய கடதாசியில் இருவர் கையொப்பமிட்டால் அது உறுதியாகிவிடாது. நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் முடித்ததே உறுதி.

சொந்த உறுதிக் காணிகளிலும் சிக்கல் உண்டு. ‘பிரிபடாத எட்டில் ஒரு பங்கு’ என்று உறுதியில் இருந்தால், நீங்கள் வேலி அடைத்த மூலை சட்டப்படி உங்களுடைய மூலை அல்ல. பங்காளிகளில் எவரும் பிரிவினை வழக்கு வைக்கலாம். முடிவில் உங்கள் பங்கு வேறு பக்கத்தில் விழலாம். தேசவழமைக்குட்பட்ட காணியாயின், 1947 ஆம் ஆண்டின் சட்டப்படி பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் முடித்த உறுதியை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் செல்லலாம். விற்பவர் தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் எனின் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவர் காணாமற் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். வெளிநாட்டில் உள்ளவருக்காக இங்கு ஒருவர் அற்றோணித் தத்துவத்துடன் விற்க வந்தால், தத்துவம் கொடுத்தவர் உயிருடன் இருக்கின்றாரா என்று முதலில் விசாரியுங்கள். அவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். தோம்பு பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். உறுதி முடித்தவுடன் தாமதியாது பதியுங்கள். பதியாத உறுதியைப் பின்னர் பதிந்த உறுதி வென்றுவிடக்கூடும்.

இரண்டாவது கேள்வி: பரப்பு என்றால் எந்தப் பரப்பு? வரகுப் பரப்பு பதினெட்டுக் குழி. நெற்பரப்பு பன்னிரண்டு குழி. முன்னையதில் 16 பரப்பும் பின்னையதில் 24 பரப்பும் ஓர் ஏக்கராகும். வரகுப் பரப்பின் விலையில் நெற்பரப்பை வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு பணம் காற்றோடு போய்விடும். நில அளவையாளரை அழைத்து, எல்லைக்கல் நாட்டி, படம் கீறி எடுக்கும் செலவு வீண் செலவு அல்ல. பழைய வேலியும் பூவரசும் எல்லைக்குச் சாட்சி சொல்லா. வன்னியில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் அக்காணிக்குள் நிற்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வழி உண்டா? அயலவர் இன்று விடும் கைவழி, அவருடைய மகன் காலத்தில் அடைபடலாம். உறுதியிலும் படத்திலும் ஒழுங்கை காட்டப்பட்டிருக்க வேண்டும். லான்ட்மாஸ்டர் உள்ளே போக முடியாத தோட்டத்தில் உழவுக்கும் எருவுக்கும் இரட்டிப்புக் கூலி.

நான்காவது கேள்வி: தண்ணீர் எங்கிருந்து? யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் மழைநீரே எமது முதல். உறுதியிற் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்படாத தோட்டத் துண்டு, மாசி கழியக் காய்ந்த தரையாகும். தை மாதத்தில் எல்லாக் கிணறும் இனிக்கும். ஆவணி புரட்டாதியில் அள்ளிக் குடித்துப் பார்த்தால்தான் உவர் தெரியும். இரணைமடுவின் கீழ் வயல் வாங்குவோர், சிறுபோகத்தில் எவ்வளவு நிலத்திற்கு நீர் என்பதைக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டத்திலேயே தீர்மானிக்கின்றார்கள் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வயற்காணிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கமநல சேவை நிலையத்தின் இடாப்பில் யாருடைய பெயர் உள்ளது என்று பாருங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. காணி கைமாறியதற்காக அவரை எழுப்ப முடியாது. அவரும் உங்களைப் போல் இடம்பெயர்ந்தவராக இருக்கக்கூடும். மலிவாக வருகின்றது என்று வயலை வாங்கி, அனுமதியின்றி மண் நிரப்பி வீடு கட்டுவதும் சட்டத்திற்கு மாறானது.

இவ்வளவையும் கேட்டு, “அப்படியானால் ஏழை காணியே வாங்க முடியாதா?” என்று சிலர் வினவலாம். முடியும். ஆனால் அவசரப்பட வேண்டாம் என்பதே எமது கருத்து. நினைத்த காணியையோ அதன் அயற்காணியையோ ஓர் ஆண்டு குத்தகைக்கு எடுத்துச் செய்து பாருங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் சொல்வதை எந்தத் தரகரும் சொல்லமாட்டார். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே காணியை வாங்கி, அளந்து பிரித்து, கிணற்றுப் பங்கும் ஒழுங்கையும் எழுதி, ஒவ்வொருவரும் தனித்தனி உறுதி முடிக்கலாம். தோம்புச் செலவும் அளவைச் செலவும் பகிரப்படும். வழியும் தண்ணீரும் இல்லாத நான்கு பரப்பிலும், இரண்டும் உள்ள இரண்டு பரப்பு மேலானது. அதிலும் முழுச் சீவியம் நடக்கும் என்று எண்ணிவிடாமல், கூலியோ குத்தகையோ கைவிடாது வைத்திருங்கள்.

மக்களுக்கு உதவும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு கட்டவும் கிணறு வெட்டவும் பணம் தருகின்றோம். அவை நிற்கும் காணியின் உரித்தைப் பார்க்கும் சிறு செலவுக்கு எமது திட்டங்களில் இடம் ஒதுக்குவதில்லை. இது மாற வேண்டும். ஒரு முறை ஊரை இழந்த குடும்பம், பணம் கொடுத்து வாங்கிய காணியிலிருந்தும் வழக்கினால் எழும்ப நேர்ந்தால், மூன்றாம் முறை தொடங்க அதன் கையில் விற்பதற்கு ஒன்றும் இராது.