சக்கரத்தைப் பார்த்து வாங்குங்க!

தோழியரே, 'ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம்' என்றதும் டிராலி சூட்கேஸ்களை அள்ளி வருகிறோம். பளபளப்பெல்லாம் நாலு நாள்தான். முதலில் பழுதாவது சக்கரம், கைப்பிடி, ஜிப் மூன்றும்தானே! கடையிலேயே கைப்பிடியை முழுக்க நீட்டி ஆட்டிப் பாருங்க. சக்கரத்தைத் திருகாணி போட்டு மாட்டியிருந்தால் தேய்ந்ததும் மாற்றலாம். ரிவெட் அடித்திருந்தால் சிரமம். நாலு சின்னச் சக்கரம் ஏர்போர்ட் தரைக்குச் சரி. நம்ம ரயில்வே பிளாட்பாரத்துக்கும் மேடு பள்ளத் தெருவுக்கும் ரெண்டு பெரிய சக்கரமே தேவலை. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைவிட பாலிகார்பனேட் விலை கூடுதல். ஆனால் அடிபட்டால் சட்டென்று விரிசல் விடாது. ஹாஸ்டலுக்குப் போகும் பெண்ணுக்கு ராத்திரி நேரம் ஸ்டேஷனில் சக்கரம் கழன்றால் யார் தூக்குவது? மூணு மட்டமான பெட்டிக்குப் பதில், உழைக்கிற ஒரே பெட்டி வாங்குங்கள்!

- ஒரு வாசகி, திருச்சி.