ஒரு லிட்டர் பானத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

2020 செப்டம்பர் மாதத் தொடக்கத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கலந்த தொழிற்சாலைக் கழிவு சிலாங்கூர் ஆற்றை எட்டியது. செப்டம்பர் 3-ஆம் தேதி 4 நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் முதல் கோலாலம்பூர் வரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் நின்றுபோனது. தண்ணீர் லாரிக்கு வாளியும் குடமுமாகக் காத்திருந்தோம்.

குழாயில் நீர் வந்ததும் கோபம் தணிந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியிருக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் நீர் எப்படிப் போகிறது, எப்படி வெளியே வருகிறது, அதைக் கவனிப்பவர் யார்?

பிரிக்பீல்ட்ஸ் கடையில் நாம் வாங்கும் ஒரு போத்தல் குளிர்பானத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது மட்டும் அதன் நீர்க்கணக்கு அல்ல. போத்தலைக் கழுவ நீர் வேண்டும். ஒரு சுவையிலிருந்து இன்னொரு சுவைக்கு மாறும்போதெல்லாம் குழாய்களைக் கழுவ நீர் வேண்டும். கொதிகலனுக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் நீர் வேண்டும்.

சென்னையில் பிறந்த இந்திரா நூயி 2006-இல் பெப்சிகோவின் தலைமை நிர்வாகியானார். தண்ணீர்த் தட்டுப்பாட்டை அறிந்த ஊரில் வளர்ந்த அவரை ஒரு கணக்கு உறுத்தியது. ஒரு பங்கு பானம் தயாரிக்க இரண்டரைப் பங்கு நீர் செலவானது. 2015-க்குள் நீர்ப் பயன்பாட்டின் திறனை 20 விழுக்காடு உயர்த்துவோம் என நிறுவனம் இலக்கு வைத்தது. 2011-லேயே அதை எட்டியது. 2012-இல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருதும் கிடைத்தது.

நூயி பொறியியலாளர் அல்லர். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் வேதியியல் படித்து, பிறகு நிர்வாகவியல் கற்றவர். கேள்வியை அவர் எழுப்பலாம்; ஆனால் எந்தக் குழாயில் நீர் வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது தொழிற்சாலைப் பொறியியலாளர்களின் வேலை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால் எப்படி இருக்கும்?

அப்படிப்பட்டவர்கள் ஏன் தேவை என்பதற்குக் கேரளத்தின் பிளாச்சிமடா ஒரு பாடம். பாலக்காடு மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் 2000-இல் கொக்கோ கோலா ஆலை தொடங்கியது. கிணற்று நீர் குறைந்துவிட்டது, குடிக்க முடியாமல் போய்விட்டது என்று 2002-இல் மக்கள் ஆலை வாசலில் போராட்டத்தில் இறங்கினர். முன்னணியில் நின்றவர் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண். 2004-இல் ஆலையின் உற்பத்தி நின்றது. ஊரின் கிணற்றை உள்ளே இருப்பவர்கள் கவனிக்கத் தவறினால், வெளியே இருப்பவர்கள் வாசலுக்கு வந்து கேட்பார்கள்.

இன்று நிறுவனங்களில் 'நிலைத்தன்மைப் பிரிவுத் தலைவர்' என்ற பதவி உருவாகியிருக்கிறது. மரம் நடும் விழாவுக்குப் படம் பிடிப்பது அதன் சாரம் அன்று. நீர், மின்சாரம், கழிவு, பிளாஸ்டிக் ஆகியவற்றுக்குக் கணக்கு வைத்து, அதைக் குறைத்துக் காட்டுவதே வேலை. 2 பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் சந்தை மதிப்புள்ள, முதன்மைச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2025 முதல் அனைத்துலகத் தரத்துக்கேற்ப நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும். எண்களைப் புரிந்தவருக்கே இனி அந்த நாற்காலி.

அதற்கான பாதை இடைநிலைப்பள்ளியில் தொடங்குகிறது. எஸ்பிஎம் தேர்வில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றைக் கைவிடாதீர்கள். பிறகு மெட்ரிகுலேஷனோ எஸ்டிபிஎம்மோ டிப்ளோமாவோ வழியாக இரசாயனம், சுற்றுச்சூழல், இயந்திரம் ஆகிய பொறியியல் துறைகளில் ஒன்றுக்குச் செல்லலாம். பட்டம் அங்கீகாரம் பெற்றதா எனச் சேருமுன் பாருங்கள். பட்டம் பெற்றதும் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். அனுபவமும் தேர்வும் சேர்ந்தால் 'இர்' என்ற அடைமொழியை எட்டலாம்.

முதல் வேலை பெரும்பாலும் குளிரூட்டிய அலுவலகத்தில் இருக்காது. கொதிகலன் அறையிலும் கழிவுநீர்த் தொட்டி அருகிலும் இருக்கும். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். சர்க்கரை கலந்த கழிவுநீர் ஆற்றில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் சாகும். அதே கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்களிடம் விட்டால் எரிவாயு கிடைக்கும். அதைக் கொதிகலனில் எரிக்கலாம். நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள், சுத்திகரிப்பு அமைப்பைத் தகுதிச் சான்று பெற்றவரே கவனிக்க வேண்டும் என்கின்றன. அந்தச் சான்றும் உங்களுக்கு ஒரு படிதான்.

ஷா ஆலாமிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் பானத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. தொழிற்பயிற்சிக்கு அங்கே விண்ணப்பியுங்கள். போனால், ஒரு லிட்டர் பானத்துக்கு இங்கே எத்தனை லிட்டர் நீர் செலவாகிறது என்று முதல் நாளே கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பேக்டரி வேலை?" என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. நம் தாய்மார்கள் எத்தனையோ பேர் பேக்டரி பேருந்தில் ஏறி, இரவு வேலை பார்த்து நம்மை வளர்த்தார்கள். அன்று தேவைப்பட்ட தொழிற்சாலை, மகள் பொறியியலாளராகப் போகும்போது மட்டும் ஏன் ஆகாது?

தண்ணீர் லாரிக்கு முன் வாளியோடு நின்ற பிள்ளைக்கு நீரின் அருமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கணிதமும் வேதியியலும் சேர்ந்துவிட்டால், அந்த அனுபவமே அவளை நிர்வாக மேசை வரை கொண்டுசெல்லும்.