சீடியாவின் 'டொக் டொக்'... ரப்பர் புஷ்ஷா, பாலி புஷ்ஷா?

ஆவடியில் இருக்கும் பெரியப்பா மகன் அண்ணன் போன மாதம் எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். பேச்சே இல்லை. பதினைந்து நொடிக்கு வெறும் 'டொக்... டொக்... டொக்.' அதன் கீழே "என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்று ஒரு வரி. காரைப் பற்றி வாராவாரம் எழுதுகிறேன் என்பதற்காகச் சொந்தக்காரர்கள் வைக்கிற பரீட்சை இது. கல்யாண வீட்டில் பந்தி நடுவே பானெட்டைத் திறந்து காட்டியவர்கள்கூட உண்டு.

திருமுல்லைவாயல் பக்கம் சி.டி.எச். ரோட்டில் மெதுவாக ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது, முன்பக்க இடது சக்கரத்திலிருந்து வரும் சத்தமாம். வேகமாகப் போனால் கேட்காது; ஆனால் எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் லேசாக அலைபாய்கிறது என்றான். கூடவே, "சிவப்பு கலர் பாலி புஷ் செட் போட்டுடலாம்னு இருக்கேன். குரூப்ல எல்லாரும் அதான் போடச் சொல்றாங்க" என்றான். எனக்கு அங்கேதான் பகீர் என்றது.

அண்ணன் வைத்திருப்பது மிட்சுபிஷி சீடியா. கறாராகப் பார்த்தால் அது நாலு கதவு செடான்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவும் திறந்த கூரையும் இருக்க வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிக்கலாம். ஆனால் 2006-ல் இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 115 பி.எஸ். பவர், பின்னால் மல்டி லிங்க் சஸ்பென்ஷனோடு அது வந்தபோது, நம் ஊர் நடுத்தர வர்க்கத்துப் பையன்களுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். கௌரவ் கில் போன்றவர்கள் தேசிய ரேலிகளில் செம்மண் புழுதி பறக்க ஓட்டியதும் சீடியாவைத்தான். அதைவிட எங்களுக்கு நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கார் தயாரானது திருவள்ளூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில். 1998 முதல் லான்சர், பிறகு சீடியா. ஆவடியில் ரயில் ஏறினால் அதே தடத்தில் போய்விடலாம். பிறந்த வீடு பக்கத்திலேயே இருந்தும் இன்று அதற்கு ஒரு உதிரி பாகம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன.

புஷ் என்றால் என்ன? எங்கள் பெரியம்மாவுக்கு முட்டியில் ஜவ்வு தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் எலும்போடு எலும்பு உரசி வலிக்கிறது. காரிலும் அதே கதைதான். சக்கரத்தைக் காரின் உடம்போடு இணைக்கிற இரும்புக் கை கன்ட்ரோல் ஆர்ம். நம் மெக்கானிக்குகள் வாயில் அது லோயர் ஆர்ம். சீடியா மாதிரி வண்டிகளில் அந்தக் கையின் உள்பக்கம் இரண்டு இடத்தில் உடம்போடு சேரும். அந்த இரண்டு மூட்டிலும் இருக்கும் ஜவ்வுதான் புஷ். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர். வெளிப்பக்க முனையில் சக்கரத்தைத் தாங்குவது பால் ஜாயின்ட்.

இரண்டு புஷ்ஷுக்கும் வேலை ஒன்றல்ல. முன் புஷ்ஷுக்கு வளைவில் பக்கவாட்டாக வருகிற பாரம் அதிகம். அது விட்டுக்கொடுக்கக் கூடாது. பின் புஷ் பள்ளத்தில் சக்கரம் மோதும்போதும் பிரேக் அடிக்கும்போதும் முன்னும் பின்னுமாக வருகிற இடியை வாங்க வேண்டும். அது கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் பின் புஷ் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். சில வண்டிகளில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளியும் விட்டிருப்பார்கள். அதைப் பார்த்து 'கிழிந்துவிட்டது' என்று புது புஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கம்பெனி ரப்பர் புஷ் பெரும்பாலும் 50-லிருந்து 70-க்குள் இருக்கும். கடையில் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கலர் கலராக வரும் பாலியூரித்தேன் புஷ் 70-லிருந்து 95 வரை. அதற்கும் மேலே ரோஸ் ஜாயின்ட். ரப்பரே கிடையாது, இரும்புக் குண்டு இரும்புக் கிண்ணத்தில் சுழலும். ரேஸ் காருக்கு அதுதான் சரி. ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் கழற்றிப் பார்க்க ஆள் இருக்கிற வண்டிக்கு அது பொருந்தும். அம்பத்தூர் ஓ.டி.யில் மழைத்தண்ணீரில் நிற்கிற வண்டிக்குப் பொருந்தாது.

கெட்டி புஷ் போட்டால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும், வளைவில் சக்கரம் அசையாது. அதெல்லாம் நிஜம். ஆனால் ரப்பர் புஷ் சுழலும்போது ரப்பரே முறுக்கிக்கொள்கிறது. பாலி அப்படியில்லை, உள்ளே இருக்கும் குழாயில் அது வழுக்கிச் சுழல வேண்டும். அதற்குத் தனி கிரீஸ் வேண்டும். கிரீஸ் காய்ந்தால் கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடும். இன்னொன்று, மல்டி லிங்க்கில் பின் ஆர்ம்கள் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை, கோணல்மாணலாகவும் திரும்பும். அங்கே கெட்டி பாலியைப் போட்டால் சஸ்பென்ஷன் பிடித்துக்கொள்ளும். பிடியைக் கூட்டப் போய் பிடியை இழந்த கதையாகிவிடும்.

அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்த வண்டியை எங்க ஓட்டுற?" அவனுக்கு ஒரு ஆசை இருக்கிறது. பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கும் ரேஸ் டிராக்கில் ஒரு நாளாவது ஓட்ட வேண்டும். ஆனால் தினமும் அந்த வண்டியில் போவது யூ.கே.ஜி. படிக்கிற பாப்பாவும், முட்டி வலி பெரியம்மாவும்தான். வருடத்தில் ஒரு நாள் டிராக்குக்காக மிச்ச நாளெல்லாம் பெரியம்மாவுக்கு இடுப்பு வலியா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். சத்தத்தைக் கேட்கக்கூட இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டினார். லேசாக ஆடியது. அப்புறம் ஆர்முக்கு நடுவே கடப்பாரை கொடுத்து நெம்பினார். பின் புஷ் வாயைப் பிளந்து காட்டியது.

"புஷ் போனா சத்தம்தாம்மா வரும். பால் ஜாயின்ட் போனா சக்கரமே போயிடும். இதுல ரெண்டும் போகுது" என்றார்.

அண்ணன் முகம் வெளிறியது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் குடும்பத்தோடு நானூறடி சாலையில் வண்டலூர் வரை நூறில் போய் வந்திருக்கிறான். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடங்கி விழும். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது. பாலி புஷ் கலரைப் பற்றி ஒரு மாதம் வாட்ஸ்அப்பில் விவாதம் நடந்திருக்கிறது. ஒருவர்கூட பால் ஜாயின்ட்டைப் பார்த்தாயா என்று கேட்கவில்லை.

ரப்பர் ஏன் இவ்வளவு சீக்கிரம் பிளந்தது என்று கேட்டேன். மெக்கானிக் அடிப்பாகத்தை விரலால் வழித்துக் காட்டினார். கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசல் அடித்துவிடுகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதுதான். லீஃப் ஸ்பிரிங் காலத்து லாரிப் பழக்கம். டீசலும் பெட்ரோலிய கிரீஸும் ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும். அடுத்த முறை 'டீசல் வேண்டாம்' என்று சொல்லிவிட்டே வண்டியை விடுங்கள்.

அடுத்து ஆர்ம் தேடும் படலம். ஜி.பி. ரோட்டில் ஒரு நாள், புதுப்பேட்டையில் அரை நாள். மூன்று வழிகள் கண்ணில் பட்டன. ஒரு கடையில் 'ஒரிஜினல் சார், பெட்டி பிரிக்கல' என்று பழைய ஸ்டாக்கை எடுத்து வைத்தார்கள். பெட்டி புதுசுதான். ஆனால் ரப்பருக்கும் வயசு உண்டு, பெட்டிக்குள்ளேயே மூப்படையும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையை விரலால் மடக்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் முடி முடியாக வெடிப்பு. தயாரிப்பு நின்றுபோன வண்டிக்காரர்கள் 'ஒரிஜினல்' என்ற சொல்லில் மயங்கும் முன் இந்த மடக்கல் பரீட்சையைச் செய்துவிடுங்கள்.

புதுப்பேட்டையில் கழற்றிய ஆர்ம் மலிவாகக் கிடைத்தது. ஆர்ம் நேராக இருந்தால் அதில் புது புஷ் அழுத்தி ஓட்டலாம். ஆனால் அடிபட்ட வண்டியிலிருந்து வந்ததா என்று யார் சொல்வது? வளைந்த ஆர்மை காஸ் வைத்துச் சூடுபண்ணி நிமிர்த்தித் தருவதாகவும் ஒருவர் சொன்னார். இரும்பை அப்படிச் சூடுபடுத்தினால் அதன் வலுவே மாறிவிடும். ஓடி வந்துவிட்டோம். கடைசியாக, வெளி நிறுவனம் ஒன்று தயாரித்த முழு ஆர்ம். புஷ் இரண்டும் பால் ஜாயின்ட்டும் சேர்ந்தே வரும். பழைய ஆர்மைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். பக்கத்தில் வைத்து ஓட்டைக்கு ஓட்டை அளந்து, கையில் தூக்கி எடையும் பார்த்து, புஷ்ஷில் ரப்பர் இரும்போடு சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்து வாங்கினோம். இடது, வலது இரண்டுமே. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

செகண்ட் ஹேண்டில் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அவற்றில் பலவற்றுக்கு அலுமினிய ஆர்ம். எடை குறைவு, ஓட்டம் சுகம். ஆனால் இரும்பு வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் அவ்வளவு வளையாமல் விரிசல் விடலாம். பெரிய பள்ளத்தில் அடி வாங்கிய பிறகு சும்மா விடாதீர்கள்.

பாலி ஆசை? முழுவதும் கைவிடச் சொல்லவில்லை. டிராக் ஆசை முற்றினால் முன் புஷ்ஷை மட்டும் பாலியாக்கு, பின் புஷ்ஷிலும் பின்பக்க ஆர்ம்களிலும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், பிளந்துபோன ரப்பரிலிருந்து புது ரப்பருக்கு மாறினாலே பாதி ஆசை தீர்ந்துவிடும்.

இனி, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஷெட்டில் உதவியாளர் தம்பி புது ஆர்மை மாட்டி, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கப் போனார். பெரியவர் ஒரு சத்தம் போட்டார். "டேய், காலை ஊனட்டும்டா!" சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கி இருக்கும். அந்த நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போதும் முறுக்கு. வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய புஷ் வெகு சீக்கிரம் கிழியும். பழி கம்பெனி மேல் விழும். போல்ட்டைக் கையால் மாட்டிவிட்டு, வண்டி நாலு சக்கரத்திலும் தன் எடையைத் தாங்கி நின்ற பிறகு, பிட்டில் இறங்கி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பால் ஜாயின்ட் நட்டுக்கு ஸ்பிளிட் பின் இருந்தால் பழையதையே வளைத்துப் போடக் கூடாது. சில ரூபாய் சமாச்சாரம், புதுசு போடுங்கள்.

முடித்ததும் வீல் அலைன்மென்ட். ஆர்ம் மாற்றினால் இது கட்டாயம். கடைக்காரர் வெறும் 'ஓகே சார்' என்று சொன்னால் போதாது. முன், பின் அளவு இரண்டும் இருக்கிற தாளைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் தாளில் பழைய அளவில் இடது சக்கரம் பச்சையைத் தாண்டிச் சிவப்பில் இருந்தது. டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையானதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வரும்போது அண்ணன் வேண்டுமென்றே திருமுல்லைவாயல் ஸ்பீடு பிரேக்கர் ஒன்றையும் விடாமல் ஏற்றி இறக்கினான். டொக் இல்லை. மூன்றாவதில் பின்னாலிருந்து 'கடகட' என்று கேட்டு, பாதி ரோட்டில் வண்டியை ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தான். சீட்டுக்கடியில் பாப்பாவின் டிபன் பாக்ஸ். இருங்காட்டுக்கோட்டை எப்போது என்று கேட்டேன். "அடுத்த மாசம் பார்க்கலாம். வியாழக்கிழமை அம்மாவுக்கு பிசியோதெரபி இருக்கு" என்றான்.