குளிரில் ஊமையாகும் மவுத் ஆர்கன்

நம் குழந்தைகளில் பலர் முதன்முதலாகக் கையில் எடுக்கும் வாத்தியம் மவுத் ஆர்கனாகவே இருக்கிறது. வீணையும் மிருதங்கமும் வாங்க வசதி வேண்டும். கற்பிக்க ஆசிரியரும் வேண்டும். மவுத் ஆர்கனோ சட்டைப் பையில் அடங்கும். விலையும் குடும்பத்தை வருத்தாது. ஊதினாலும் சுரம், உறிஞ்சினாலும் சுரம். இப்படி ஆசையோடு தொடங்கும் பிள்ளைகளில் சிலர், மார்கழியும் தையும் வந்ததும் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். சில சுரங்கள் திடீரென்று பேசாமற் போவதே காரணம். “வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் கெடுத்துவிட்டாயா?” என்று தகப்பனார் கடிந்துகொள்கிறார். பெரும்பாலும் குழந்தை கெடுக்கவும் இல்லை. கருவி கெடவும் இல்லை. குளிரின் வேலை அது. இதனை விளங்கிக்கொண்டால் ஒரு வாத்தியம் பிழைக்கும். அதனினும் மேலாக ஒரு குழந்தையின் ஆர்வம் பிழைக்கும். ஆகையால் இம்மாதம் இதனைப் பற்றி எழுதலானேன்.

முதலில் கருவியின் உள்ளமைப்பைப் பார்ப்போம். மேலும் கீழும் உள்ள உலோக மூடிகளைக் கழற்றினால், நடுவே மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கட்டை ஒன்று இருக்கும். அதன் இரு புறமும் இரண்டு பித்தளைத் தகடுகள். தகடுகளில் நீண்ட பிளவுகள் உண்டு. ஒவ்வொரு பிளவின்மீதும், ஒரு முனை மட்டும் இறுகப் பிணைக்கப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று இருக்கும். ஆர்மோனியக்காரர்கள் இதனை ‘ரீட்’ என்பார்கள். பத்துத் துளைக் கருவியில் இத்தகைய நாக்குகள் 20. அவற்றுள் பத்து ஊதும்போதும், பத்து உறிஞ்சும்போதும் ஒலிக்கும். நாக்கின் விளிம்புக்கும் பிளவின் விளிம்புக்கும் இடையே உள்ள சந்து, நாம் எழுதும் தாளின் கனம்கூட இராது. அந்தச் சந்துக்குள்ளேதான் நாக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சென்று மீள்கிறது.

இப்போது நம் மூச்சைக் கவனிப்போம். வாயிலிருந்து வெளிவரும் காற்று ஏறக்குறைய 34 டிகிரி வெப்பம் உடையது; ஈரமும் அதில் நிறைந்திருக்கும். நீர்நிலைகளும் சதுப்பு நிலங்களும் அருகிலே உள்ள நம் நியூ டவுனில், ஜனவரி இரவில் 13 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்குவது உண்டு. அந்தக் குளிரில் கிடந்த பித்தளைமீது வெப்பமான மூச்சுப் பட்டவுடன், மூச்சிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படிகிறது. குளிர்சாதனப் பேருந்தில் அமர்ந்துவிட்டு ஆவணி மாதத்துப் புழுக்கத்தில் இறங்கும்போது மூக்குக் கண்ணாடி மங்குகிறதே, அதே சங்கதிதான். கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். மவுத் ஆர்கனிலோ அத்துளி அந்தச் சிறு சந்தில் போய் அடைத்துக்கொள்கிறது. நாக்கு அசைய மறுக்கிறது. அசைந்தாலும் நீரின் பாரத்தால் சுருதி தாழ்கிறது. இரட்டை வரிசை நாக்குகள் சேர்ந்து ஒலித்து ஒரு நடுக்க நாதம் தரும் வகையிலே, ஜோடியில் ஒன்று அடைபட்டால் அந்த நடுக்கம் மறைந்துவிடும். பக்கத்திலே பொத்தான் வைத்த உயர்ந்த வகையில், காற்று வீணாகாதபடி ஒட்டியிருக்கும் மெல்லிய இதழ்கள் ஈரத்தால் ஒட்டிக்கொண்டு கரகரக்கும்.

குளிர் மட்டுமே காரணமாக இருக்கக்கூடாதா, மூச்சின்மீது ஏன் பழி போடவேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். இதற்கு விடை கூற ஆர்மோனியம் இருக்கிறது. அதனுள்ளும் இதே ஜாதிப் பித்தளை நாக்குகள்தாம். தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கத்தக்க ஆர்மோனியத்தைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே உருவாக்கியவர் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகாநாத் கோஷ். 1875இல் அவர் தொடங்கிய துவார்க்கின் அண்ட் சன் என்னும் வாத்தியக் கடை நாடறிந்தது. இந்நகரத்துக் குளிரில் இரவு முழுதும் கிடந்த ஆர்மோனியம் காலையில் ஊமையாவதில்லை. ஏன்? அதன் துருத்தி தருவது அறைக்காற்று; அந்தக் காற்றும் நாக்கும் ஒரே குளிர்ச்சியில் இருக்கின்றன; ஆதலால் ஈரம் படிவதில்லை. மவுத் ஆர்கனுக்கு நாம் கொடுப்பதோ உடம்பின் காற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வெப்பத்தால் சுருதியும் சிறிது மாறும். ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு உலோகம் சூட்டில் நீள்வது புதிய செய்தியன்று. 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் நீளும். விரற்கடை நீளமே உள்ள பித்தளை நாக்கு நீளும் அளவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சூட்டில் பித்தளையின் விறைப்பும் சற்றுத் தளர்கிறது. ஆகவே சுருதி நூலிழை இறங்குகிறது. புல்லாங்குழலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர். 30 டிகிரியில் 349 மீட்டர். ஆதலின் குழல் சூடேறச் சூடேறச் சுருதி உயரும். பொங்கல் விழாவிலே குழலும் மவுத் ஆர்கனும் சேர்ந்து வாசிக்கும் பிள்ளைகள், இரண்டையும் சற்று வாசித்துச் சூடாக்கிய பிறகே சுருதி ஒத்துப் பார்க்கவேண்டும் என்பது இதனாலேதான்.

இனிக் கோடையின் கொடுமையைக் காண்போம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி கல்கத்தாவில் 43 டிகிரி வெயில் காய்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பித்தளை உருகுவதற்கு 900 டிகிரி வேண்டும். ஆகவே நாக்குகளுக்கு அச்சம் இல்லை. துன்பப்படுவது நடுக்கட்டைதான். மரக்கட்டை உலர்ந்து சுருங்கும், சிலவேளை வெடிக்கும். வெடிப்பின் வழியே காற்று ஒழுகுவதால், எவ்வளவு ஊதினாலும் ஒலி மெலிந்தே வரும். பின்னர் மழைக்காலத்து ஈரத்தில் அதே மரம் ஊதிப் பருத்து, பற்களைப் போல வெளியே நீட்டி உதட்டைக் கிழிக்கும். பிளாஸ்டிக் கட்டைக்கு ஈரத்தால் தீங்கில்லை, கடுஞ்சூட்டில் வளைந்துபோகும். வெயிலில் பூட்டி நிறுத்திய மோட்டார் காருக்குள் 60 டிகிரி வரை சூடு ஏறக்கூடும். அங்கும், வெயில் படும் ஜன்னல் ஓரத்திலும் இக்கருவியை வைக்கலாகாது. கோடை விடுமுறையில் சாலிமாரிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஊருக்குச் செல்வோர், அதனைத் துணிகளின் நடுவே சுற்றி வைத்தால் போதும்.

குளிர்காலத்துக்கு உரிய பரிகாரம் எளியது, செலவும் இல்லை. வாசிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பே கருவியை உட்சட்டைப் பையிலோ இரு உள்ளங்கைகளுக்கு நடுவிலோ வைத்துக்கொள்ளவேண்டும். உடம்பின் சூடு அதற்கு ஏறிவிட்டால் ஈரம் படிவது பெரிதும் குறையும். மேடையில் முறை வரும் வரையில் அதனை நாற்காலிமீது வைக்காமல் பையிலேயே வைத்திருப்பது நல்லது. அவசரப்பட்டு அடுப்பில் காட்டுவதும், தலைமயிர் உலர்த்தும் கருவியின் அனலில் பிடிப்பதும் கூடா. சுரம் அடைத்துக்கொண்டால், துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் நீர் இறங்கிவிடும். அடைத்த சுரத்தைப் பலங்கொண்டு ஊதித் திறக்க முயல்வது பெருந்தவறு. மெல்லிய நாக்கு களைத்து ஒடிந்துபோகும். வாசித்து முடித்தபின் அரை மணி நேரம் காற்றாட வைத்து, அதன் பிறகே பெட்டியில் மூடவேண்டும். சூடேற்றியும் தட்டியும் பொறுத்தும் பேசாத சுரம் இருந்தால் மட்டுமே, அழுக்கோ முறிவோ உண்டென்று எண்ணி, பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாம்.

நம் தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். எது இறுகினாலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் குடும்ப வழக்கம். பூட்டுக்கும் கீலுக்கும் அது பொருந்தும்; இதற்குப் பொருந்தாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது. தை மாதத்தில் நம் வீட்டு எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாததை நாம் தினமும் காண்கிறோம். அந்த எண்ணெய் நாக்கின் சந்தில் உறைந்தால், நீர்த்துளி செய்ததைவிடப் பெரிய தீங்கைச் செய்யும். தூசியும் அதில் வந்து ஒட்டும்.

விளையாட்டுச் சாமான் ஒன்றுக்கு இவ்வளவு பக்குவமா என்று எண்ணவேண்டா. 1939இல் இந்தக் கல்கத்தாவில் பிறந்த ராகுல் தேவ் பர்மன், தாமே புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆவதற்கு முன், 1964இல் வெளிவந்த ‘தோஸ்தி’ என்னும் இந்திப் படத்துக்கு மவுத் ஆர்கன் வாசித்தவர். கால் ஊனமுற்ற சிறுவனும் கண்பார்வை அற்ற சிறுவனும் பாட்டாலும் இவ்வாத்தியத்தாலும் பிழைக்கும் கதை அது. சட்டைப் பைக்குள் அடங்கும் கருவிக்குள்ளும் சங்கீதம் முழுமையாக அடங்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் எல்லோரும் வித்வான்கள் ஆகவேண்டும் என்பதில்லை. தாய்மொழிப் பாட்டு ஒன்றைத் தம் மூச்சாலே வாசிக்கத் தெரிந்தால், இவ்வளவு தூரத்தில் வந்து வாழும் நமக்கு அது பெரும் செல்வம். ஆகையால் இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டு மவுத் ஆர்கன் ஊமையானால், குழந்தையைக் கடிந்துகொள்ளும் முன் அதனைப் பத்து நிமிஷம் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பேசும்.